நாற்பதைத் தாண்டிய உடம்புக்குப் புதுக் கணக்கு: உடற்பயிற்சியை மாற்றி அமைக்க ஒரு முழு வழிகாட்டி

எனக்கு 44 வயது நடந்துகொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோயம்புத்தூரில் எங்கள் குடியிருப்பின் ஷட்டில் கோர்ட்டில் யாரோ என் கெண்டைக்காலில் மட்டையால் ஓங்கி அடித்தார்கள். கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர் மட்டும்தான் இருந்தது. எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டிருந்த அக்கா மகன், "என்னாச்சு மாமா?" என்று வலைக்கு அடியில் குனிந்து ஓடிவந்தான். அடுத்த அடி எடுத்துவைக்க முடியவில்லை.

கெண்டைக்கால் தசை கிழிந்திருந்தது. நடுவயதில் திடீரென்று ஓடி ஆடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வருமாம். 'டென்னிஸ் லெக்' என்று இதற்குப் பேரே உண்டு. யாரோ பின்னாலிருந்து அடித்தமாதிரி இருந்தது என்றுதான் பலரும் சொல்வார்களாம். பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம்பெண். நான் ஷூவைக் குறை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. முந்திக்கொண்டு, "அதை விடுங்க சார், வாரத்துல மத்த ஆறு நாளும் என்ன பண்றீங்க?" என்று கேட்டார். நான் கணக்கு எழுதுகிறவன். ஆறு நாளும் நாற்காலியில்தான் என்றேன். "அதான்" என்று சொல்லிவிட்டுக் காலைக் கட்ட ஆரம்பித்தார்.

அந்த "அதான்" புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. 25 வயதில் உடம்பில் கொஞ்சம் மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். ஆறு நாள் சும்மா இருந்து ஏழாவது நாள் மொத்தமாக எடுத்தாலும் தாங்கும். நாற்பதுக்கு மேல் அந்த மிச்சம் கிடையாது. அன்றன்றைக்குப் போட்டால்தான் எடுக்க முடியும். அப்படிப் போடுவது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். 40 முதல் 60 வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில், என்னதான் மாறியிருக்கிறது?

தசை குறைகிறது. முப்பதுக்கு மேல் சும்மா இருந்தால், பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை போய்விடும் என்பது பொதுவான கணக்கு. அறுபதுக்கு மேல் இந்த வேகம் இன்னும் கூடும். எடை மிஷினில் இது தெரியாது. தசை காலி செய்த இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்திருக்கும், முள் அதே 70-ல் நிற்கும். சட்டை தோளில் தொளதொளவென்றும் வயிற்றில் இறுக்கமாகவும் இருந்தால் சங்கதி அதுதான். தசையிலும் வேகமாகச் சுருங்கும் நார்கள்தான் அதிகமாக மெலிகின்றன. பாத்ரூமில் கால் வழுக்கும்போது சட்டென்று நம்மைப் பிடித்து நிறுத்துவது அவைதான்.

தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண்கள் விறைப்பாகின்றன. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பயிற்சி தொடங்கினால் தசைக்குச் சில வாரங்களிலேயே தெம்பு வந்துவிடும். தசைநாண் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரு மாதத்தில் "நல்லாத்தானே இருக்கோம்" என்று பயிற்சியை இரட்டிப்பாக்குகிறவர்கள் குதிகால் வலியோடும் முழங்கை வலியோடும் வந்து நிற்பது இதனால்தான்.

அப்புறம், எல்லோரும் சொல்லும் சாக்கு: "நாற்பதுக்கு மேல மெட்டபாலிசம் குறைஞ்சிடும்." 2021-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பிறந்து எட்டு நாள் ஆன குழந்தையிலிருந்து 95 வயதுவரை, 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் கணக்கு. உடலின் அளவையும் தசையையும் கழித்துப் பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு எரிக்கும் ஆற்றல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது என்பது அதன் முடிவு. ஆக, தொப்பைக்குக் காரணம் மெட்டபாலிசம் இல்லை. ஸ்கூட்டர், லிஃப்ட், கெட்டுப்போன தூக்கம், நாலு மணி பஜ்ஜி. எனக்கு இது படிக்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் என்பதால் ஒருவகையில் நல்ல செய்திதான்.

படி 1: ஆரம்பிப்பதற்கு முன் ஒரு பரிசோதனை

பல வருடம் சும்மா இருந்தவர், சுகர் அல்லது பிபி உள்ளவர், புகைபிடிப்பவர், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்த குடும்பம் — இவர்கள் கட்டாயம் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தெற்காசியர்களான நமக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்கூட்டியே வருகிறது. அதனால் "எனக்கு ஒண்ணும் இல்லை" என்ற தைரியம் வேண்டாம். பிபி, வெறும் வயிற்றுச் சுகர், மூன்று மாதச் சராசரிச் சுகர், கொலஸ்ட்ரால், ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவை போதும். எப்போதும் அலுப்பாக இருந்தால் வைட்டமின் டி, பி12 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவாக இருப்பது சகஜம். ஈசிஜியோ டிரெட்மில் டெஸ்டோ தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றியும் கேளுங்கள். சில சுகர் மாத்திரைகளும் இன்சுலினும் பயிற்சியின்போது சுகரைச் சட்டென்று இறக்கிவிடும். சில பிபி மாத்திரைகள் இதயத் துடிப்பை ஏறவிடாது. அப்படிப்பட்டவர்கள் கையில் கட்டிய வாட்ச் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தை முடிவுசெய்யக் கூடாது.

டேப் எடுத்து இடுப்பு அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை உள்ளே இழுக்காமல் (நான் முதல் தடவை இழுத்தேன்). இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. எல்லைக்கோடு. உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐயும் நமக்கு 23-லேயே அதிகம் என்று கணக்கு. வெளிநாட்டு ஆப்கள் 25 வரை பச்சை விளக்குக் காட்டும். அதை நம்ப வேண்டாம்.

பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல், தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை — இதில் எது வந்தாலும் அங்கேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

படி 2: வீட்டிலேயே நாலு சோதனை

பழைய ஆட்டத்தை நினைத்துக்கொண்டு இல்லாமல், இன்றைக்கு இருக்கும் உடம்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

ஒன்று, நாற்காலி. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? 60 முதல் 64 வயது உள்ள ஆணுக்கே 14-க்குக் கீழ், பெண்ணுக்கு 12-க்குக் கீழ் என்றால் குறைவு என்று வைத்திருக்கிறார்கள். 45 வயதில் அதைவிட நன்றாகவே அதிகம் வர வேண்டும்.

இரண்டு, ஒற்றைக்கால். சுவருக்குப் பக்கத்தில் நின்று, எதையும் பிடிக்காமல் ஒரு காலில் 10 விநாடி. பிரேசிலில் 51 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்து 2022-ல் வெளியான ஆய்வில், இந்த 10 விநாடி நிற்க முடியாதவர்களிடையே அடுத்தடுத்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது. ஒற்றைக்காலில் நின்றால் ஆயுள் கூடும் என்று அதற்கு அர்த்தமில்லை. உடம்பின் நிலையை அது காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

மூன்று, தரை. சம்மணம் போட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா? கல்யாணப் பந்தியில் மேஜை வந்தபிறகு, வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வந்தபிறகு, நம்மில் பலர் தரைக்குப் போவதே இல்லை. எங்கள் வீட்டுக் கொலுவின்போது நான் ஒரு கையைத் தரையிலும் இன்னொரு கையைச் சோபாவிலும் ஊன்றி, "அம்மாடி" என்று சத்தம் போட்டு எழுந்தேன். அந்தச் சத்தத்தையும் நோட்டில் எழுதினேன்.

நான்கு, தண்ணீர் கேன். 20 லிட்டர் கேனைத் தரையிலிருந்து தூக்கிப் பத்தடி நடந்து வைக்க முடியுமா? இடுப்பு வலி, குடலிறக்கம், அதிக பிபி உள்ளவர்கள் இதை முயலவே வேண்டாம். மற்றவர்களும் பாதிக் கேனில் ஆரம்பியுங்கள்.

படி 3: நாளை விட்டுவிட்டு வாரத்தைத் திட்டமிடுங்கள்

"தினமும் ஒரு மணி நேரம்" என்று சபதம் எடுப்பவர்கள் பொங்கலைத் தாண்டியதை நான் அதிகம் பார்த்ததில்லை. நாள் ஒன்று தவறினால் சபதமே உடைந்துவிடுகிறது. வாரக் கணக்கு அப்படி உடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ம் ஆண்டு வழிகாட்டுதலும் வாரத்தை வைத்தே பேசுகிறது: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. நம் ஊரில் முதல் பாதியை எல்லோரும் கேட்டிருக்கிறோம். இரண்டாம் பாதி யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

என் வாரம் இது: திங்களும் வியாழனும் வலுப் பயிற்சி, முப்பத்தைந்து நிமிடம். செவ்வாய், புதன், சனி நடை. வெள்ளி ஓய்வு. ஞாயிறு ஷட்டில். வலுப் பயிற்சி நாட்களுக்கு நடுவில் குறைந்தது 48 மணி நேரம் விடுவதுதான் முக்கியம். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் நடை ஒரு நாளாகக் குறைந்துவிடும். வலுப் பயிற்சியை மட்டும் விடமாட்டேன். எதையாவது விட்டே ஆகவேண்டும் என்றால் நடையை விடுங்கள் என்று நான் சொன்னால், ரேஸ்கோர்ஸில் தினமும் கைவீசி நடக்கும் என் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது.

படி 4: வலுப் பயிற்சி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். ஜிம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மொட்டைமாடி, ஒரு நாற்காலி, ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை), இரண்டு துணிப்பைகள் போதும்.

உட்கார்ந்து எழுவது: நாற்காலியில் ஆரம்பியுங்கள். 12 தடவை சுலபமாக வந்தபிறகு நாற்காலியை எடுத்துவிட்டு, பாதி ஆழத்துக்குத் தோப்புக்கரணம். பிள்ளையாருக்குப் போடுவது மாதிரி வேகமாகப் போடாதீர்கள். இறங்க மூன்று எண்ணிக்கை, எழ ஒரு எண்ணிக்கை. முழங்கால் வலி இருந்தால் வலிக்காத ஆழம்வரை மட்டும். மூட்டு வலிக்காரர்கள் தோப்புக்கரணமே கூடாது என்று சொல்லிவிட்டுத் தொடைத் தசையைச் சும்மா போடுவது தப்பு. தொடை வலுவானால் முழங்காலுக்குத்தான் நிம்மதி.

தள்ளுவது: சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். அடுத்து சமையல் மேடை, அடுத்து கட்டில் விளிம்பு, கடைசியில் தரைத் தண்டால். தரைக்கு வர எனக்கு ஏழு மாதம் ஆனது.

இழுப்பது: பேண்டை ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கைகள் உடம்பை ஒட்டியபடி பின்னால் இழுங்கள். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் கூன்போட்டு உட்காருபவர்கள் தள்ளுவதைவிட இதைக் கூடுதலாகச் செய்யலாம்.

குனிந்து தூக்குவது: முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னால் தள்ளி — கை நிறையச் சாமானோடு கார் கதவைப் பின்பக்கத்தால் சாத்துவோமே, அப்படி — குனிந்து பையைத் தூக்குங்கள். முதலில் 5 கிலோ அரிசிப் பை.

சுமந்து நடப்பது: இரண்டு கையிலும் பை, ஒரு நிமிடம் நிமிர்ந்து நடை. பிடிமானம், தோள், வயிறு மூன்றும் இதில் வேலை செய்யும்.

குதிகால் உயர்த்துவது: படிக்கட்டு விளிம்பில் நின்று மெதுவாக ஏறி இறங்குவது. இதைத்தான் நான் இருபது வருடம் செய்யாமல் விட்டேன்.

ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை. அது ஒரு செட். அப்படி இரண்டு செட். "இன்னும் இரண்டு மூன்று தடவை வரும்" என்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். கை நடுங்கி, முகம் சிவந்து, கடைசிச் சொட்டுவரை பிழிவது அடுத்த மூன்று நாளைச் சாப்பிட்டுவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள், பிபி எகிறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். இரண்டு வாரம் சுலபமாக வந்தால் எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். பைக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று சேர்த்தால் இரண்டு கிலோ, கணக்கு சுலபம்.

பெண்களுக்கு, தனியாக

என் மனைவிக்கு வயது 46. "நாள் முழுக்க வீட்டு வேலை செய்யறேன், அதுக்கு மேல என்னங்க உடற்பயிற்சி?" என்றுதான் முதலில் சொன்னார். நியாயமான கேள்வி. வீட்டு வேலை உடம்பை அலுக்க வைக்கும், ஆனால் வலுவாக்குவது கடினம். ஏனென்றால் எடை கூடுவதே இல்லை. பத்து வருடமாக அதே குக்கர், அதே பக்கெட். தசைக்கும் எலும்புக்கும் "நேற்றைவிடக் கொஞ்சம் அதிகம்" என்ற தூண்டுதல் வேண்டும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இறங்குகிறது. அதோடு எலும்பின் அடர்த்தி சில ஆண்டுகளுக்கு வேகமாகக் குறைகிறது. கொழுப்பு தொடையிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது. ராத்திரி திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்துத் தூக்கம் கலைகிறது. "சாப்பாட்டைக் குறைச்சேன், நடையைக் கூட்டினேன், இடுப்பு மட்டும் குறையல" என்ற புலம்பல் இந்த வயதில்தான் வரும். சாப்பாட்டை இன்னும் குறைத்தால் தசைதான் இன்னும் போகும். எடை தூக்குவதுதான் எலும்புக்கும் தசைக்கும் சேர்த்து மருந்து. பெண்கள் எடை தூக்கினால் ஆண்மாதிரி ஆகிவிடுவார்கள் என்பது வெறும் பயம். இந்த வயதில் ஆணுக்கே அவ்வளவு சுலபமாகத் தசை வருவதில்லை.

இன்னொன்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. தும்மும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசிவது. அதனாலேயே பலர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகளுக்கென்று தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. பெண் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டால் சொல்லித்தருவார். பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறையும். 40 முதல் 60 வரைக்குள் தோள்பட்டை இறுகிப் போவதும், குறிப்பாகச் சுகர் உள்ளவர்களுக்கு, சகஜம். ஜாக்கெட் கொக்கியைப் பின்னால் மாட்டக் கை போகவில்லை என்றால் அலட்சியப்படுத்தாதீர்கள்.

என் மனைவி இப்போது மொட்டைமாடியில் நைட்டிமேல் துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டு 8 கிலோ பையைத் தூக்குகிறார். எதிர்வீட்டு அம்மா முதலில் வேடிக்கை பார்த்தார், இப்போது தன் பையோடு வருகிறார்.

படி 5: நடை

நடை நல்லது. ஆனால் நாலு பேரோடு அரசியல் பேசிக்கொண்டு நடப்பதும் கணக்கில் வர வேண்டுமென்றால், பேச்சு கொஞ்சம் திக்க வேண்டும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்பது மிதமான வேகத்துக்கு நல்ல அடையாளம். வாரத்தில் ஒரு நாள் மேடோ பாலமோ உள்ள பாதை, அல்லது ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெது என்று மாற்றி மாற்றி.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் ஒரு சுற்று: சுகர் உள்ளவர்களுக்கும், எல்லைக்கோட்டில் நிற்பவர்களுக்கும் இது தரும் பலன் அதிகம். சாப்பிட்டவுடன் தசை வேலை செய்தால் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும். எட்டு போட்டு நடப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். இடம் இல்லாத வீட்டுக்கு நல்ல ஏற்பாடு, திரும்பித் திரும்பி நடப்பது சமநிலைக்கும் உதவலாம். மற்றபடி வாட்ஸ்அப்பில் வருகிற அற்புதங்களை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

படி 6: ஆட்டத்துக்கு முன் எட்டு நிமிடம்

இளவயதில் ஷூ லேஸைக் கட்டுவதே வார்ம்-அப். இப்போது நான் கோர்ட்டுக்குப் போனதும் இரண்டு நிமிடம் வேகநடை, பத்து உட்கார்ந்து எழுதல், கை சுழற்றல், இரண்டு பக்கமும் பக்கவாட்டு அடிகள், இருபது குதிகால் உயர்த்தல், கடைசியில் சின்னச் சின்னத் துள்ளல் என்று எட்டு நிமிடம் செலவழிக்கிறேன். நின்ற இடத்தில் காலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஸ்ட்ரெச்சிங்கை ஆட்டம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளலாம். குளிர்ந்த தசையை முதலில் சூடாக்கத்தான் வேண்டும், இழுக்க வேண்டாம்.

படி 7: தட்டில் இருக்கும் ஓட்டை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020-ம் ஆண்டுப் பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். வலுப் பயிற்சி செய்கிறவர்களும் வயது ஏறியவர்களும் 1 முதல் 1.2 கிராம்வரை போகலாம் என்று நிபுணர்கள் பலர் சொல்கிறார்கள். அப்படியானால் 65 முதல் 78. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

என் பழைய தட்டைக் கணக்கு போட்டுப் பார்த்தேன். நாலு இட்லியும் சாம்பாரும் சேர்த்து 11 கிராம். மதியம் சோறு, குழம்பு, பொரியல், மோர் 14. சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும் 3. ராத்திரி மூன்று தோசை, சட்னி 11. மொத்தம் 39. சாம்பாரில் பருப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒரு தலைமுறையே ஓடிவிட்டது. எங்கள் வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மாற்றியது மூன்றே இடம். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். டீயோடு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், சுமார் 12. மதியம் மோருக்குப் பதில் ஒரு கப் கெட்டித் தயிர், 6 அல்லது 7. மொத்தம் 65-ஐத் தாண்டிவிட்டது. மீன் சாப்பிடுபவர்களுக்கு நூறு கிராம் மத்தி மீனிலேயே 20 கிராம் வந்துவிடும். சைவர்களுக்குப் பன்னீர், பச்சைப்பயறு, வேர்க்கடலை. சோற்றை விட வேண்டியதில்லை. சோற்றுக் குவியலைக் குறைத்துப் பொரியலையும் பருப்பையும் கூட்டினால் போதும். பவுடர் டப்பா பெரும்பாலும் தேவைப்படாது.

படி 8: வலியைப் பிரித்தறிவது, ஓய்வு

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தசையின் நடுப்பகுதியில், இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வருகிற வலி சாதாரணம். மூட்டில், ஒரு பக்கம் மட்டும், குத்துவது மாதிரி வருகிற வலி அப்படி இல்லை. செய்யும்போதே வருகிற வலி, பத்துக்கு மூன்று என்ற அளவைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம் என்று என் பிசியோதெரபிஸ்ட் ஒரு அளவுகோல் கொடுத்தார். மறுநாளும் கூடியிருந்தால் அந்தப் பயிற்சியைப் பாதியாக்க வேண்டும், அடியோடு நிறுத்தக் கூடாது. வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்வது, கால் மரத்துப்போவது என்றால் டாக்டர்.

தூக்கத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிவிட்டு, அதிகாலை ஐந்துக்கு அலாரம் வைத்து ஜிம்முக்கு ஓடுவதில் அர்த்தமில்லை. அன்று தூங்கிவிட்டு சாயங்காலம் செய்யுங்கள்.

படி 9: மனசு

கஷ்டமான படி இதுதான். உடம்பு மாறியது எனக்குப் பெரிய துக்கம் இல்லை. அக்கா மகன் எனக்காக மெதுவாக ஆட ஆரம்பித்தான் பாருங்கள், அதுதான் துக்கம். அவன் விட்டுக்கொடுத்த பாயின்ட்டுகள் எனக்குத் தெரிந்தன. அந்த ரோஷத்தில்தான் அன்றைக்கு எட்டாத பந்துக்குப் பாய்ந்தேன்.

கோவையில் உடற்பயிற்சி என்று பேச்செடுத்தாலே நானம்மாள் பாட்டியைச் சொல்வார்கள். தொண்ணூறைத் தாண்டியும் யோகாசனம் கற்றுத்தந்தவர், 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர், 2019-ல் 99 வயதில் மறைந்தார். வணங்க வேண்டியவர்தான். ஆனால் அவர் சிறுவயது முதல் விடாமல் செய்தவர். நடுவில் இருபது வருடம் கோட்டை விட்டவர்களுக்கு அவரைக் காட்டினால் மலைப்புதான் வரும். எனக்குத் தோதான ஆள் டென்னிஸ் வீரர் ரோஹன் போபண்ணா. முழங்கால் குருத்தெலும்பு தேய்ந்துபோனதைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஐயங்கார் யோகா முறைக்குப் போனார், பயிற்சியை மாற்றினார். ஒற்றையர் ஆட்டத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. 2024 ஜனவரியில் 43 வயதில் மேத்யூ எப்டனோடு ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்றார், இரட்டையர் தரவரிசையில் முதலிடத்துக்கும் வந்தார். அவர் 23 வயதுக் காலை மறுபடி தேடவில்லை, இருந்த காலுக்கு ஏற்ற ஆட்டத்தை ஆடினார்.

நடைமுறையில் எனக்கு உதவியவை சில. பழைய போட்டோவையும் பழைய எடையையும் இலக்காக வைப்பதை விட்டேன். ஒப்பிடுவது நோட்டில் இருக்கும் மூன்று மாதத்துக்கு முந்தைய எண்களோடு மட்டும். அப்புறம், "செஞ்சா முழுசா செய்வேன், இல்லைன்னா தொடவே மாட்டேன்" என்ற வீம்புக்கு மாற்றாகப் பத்து நிமிட விதி: வேலை நெருக்கடியோ விருந்தாளியோ, பத்து நிமிடம் செய்துவிட்டால் அன்றைய கணக்கு ஆச்சு. காய்ச்சலோ ஊர்ப்பயணமோ இரண்டு வாரம் இடைவெளி விழுந்தால், திரும்பும்போது பாதி எடை, ஒரே ஒரு செட். விட்ட இடத்திலிருந்து தொடங்கினால் ஆஸ்பத்திரிச் செலவு.

படி 10: முதல் பன்னிரண்டு வாரம்

முதல் நான்கு வாரம் மேலே சொன்ன பயிற்சிகளை எடையே இல்லாமல், ஒரு செட், வாரம் இரண்டு நாள். நடை இருபது நிமிடம், மூன்று நாள். அலுப்பே தெரியாது, "இதுக்கா இவ்வளவு?" என்று தோன்றும். அப்படித் தோன்றுவதுதான் சரி. ஐந்திலிருந்து எட்டு வாரம்வரை இரண்டு செட்டாக்கி லேசான எடை, நடை முப்பது நிமிடம். ஒன்பதாவது வாரத்திலிருந்து நடையில் மேடும் வேகமும், நான்காவது நாள் நடையும். தேவையுள்ளவர்கள் அப்போதுதான் துள்ளலும் ஓட்டமும் ஆட்டமும் சேர்க்கலாம். எட்டாவது வாரம் மட்டும் எல்லாவற்றையும் பாதியாக்கி உடம்பை ஆறவிடுங்கள்.

பன்னிரண்டாவது வார முடிவில் அந்த நான்கு சோதனைகளையும் மறுபடி செய்யுங்கள், இடுப்பளவையும் எடுங்கள். என் நோட்டில் நாற்காலி 13-லிருந்து 19 ஆகியிருந்தது. இடுப்பு 97-லிருந்து 94. எடை குறைந்தது ஒரே ஒரு கிலோ. தரையிலிருந்து எழ ஒரு கை இன்னமும் தேவைப்பட்டது, சத்தம் மட்டும் நின்றிருந்தது.

ஷட்டில் கோர்ட்டுக்கு நான் திரும்பியது அடிபட்ட ஆறாவது மாதம். அடிபட்ட காலில் மட்டும் நின்று இடைவிடாமல் 25 தடவை குதிகாலை உயர்த்திக் காட்டிய பிறகுதான் பிசியோதெரபிஸ்ட் அனுமதி கொடுத்தார். இப்போது இரட்டையர் ஆட்டம் மட்டும், இரண்டு கேம். அக்கா மகன் "ஒரே ஒரு கேம் மாமா" என்று கெஞ்சுவான். நான் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றிக்கொண்டு, அவனுக்கு ஸ்கோர் சொல்லிக்கொண்டிருப்பேன்.